வேறு லைனுக்குப் போகலாமா? முப்பதைத் தாண்டியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு துறையில் எட்டு வருடம், பத்து வருடம் இருந்துவிட்டு வேறு துறைக்கு மாற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களும் இவை. நான் ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவன். நேர்காணல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, லைன் மாறி வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிளான்ட்டிலிருந்து டேட்டா வேலைக்கு, ஐ.டி.யிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு, வங்கியிலிருந்து சொந்தத் தொழிலுக்கு என்று ஆளுக்கொரு திசை. ஆனால் பேசத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் எல்லோரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "என்னால முடியுமான்னு தெரியலை சார்."

சந்தேகம் போன பிறகு மாறுவதா, மாறினால் சந்தேகம் போகுமா?

முதலில் அது ஒரு சந்தேகம்தானா என்று பாருங்கள். "என்னால முடியுமா" என்று சொல்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டால் உள்ளேயிருந்து வருவது இப்படி இருக்கும்: சம்பளம் குறைந்தால் வீட்டுக்கடன் இ.எம்.ஐ. கட்ட முடியுமா? அந்த வேலையை உட்கார்ந்து செய்தால் எனக்கு வருமா? 36 வயதில் என்னை யார் எடுப்பார்கள்? சரிவராமல் திரும்பினால் மாமனார் வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பது?

இதில் முதலாவது கணக்கு. இரண்டாவது செய்து பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவதை நாலு பேரிடம் விசாரிக்க வேண்டும். நாலாவது மட்டும்தான் பயம். ஆனால் நாலையும் ஒன்றாகச் சுருட்டி "எனக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று பெயர் வைத்துவிட்டு, தைரியம் வரட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. இ.எம்.ஐ. கணக்கைத் தைரியத்தால் போட முடியாது. ஒரு தாளை எடுத்து நாலையும் தனித்தனியாக எழுதுங்கள். தீர்க்கக் கூடியவை தீர்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தோடுதான் எல்லோரும் மாறுகிறார்கள்.

நம்பிக்கை வர என்ன செய்யலாம்? தினமும் ஊக்க வீடியோ பார்க்கிறேன், இரண்டு நாளில் வடிந்துவிடுகிறது.

வடியத்தான் செய்யும். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1977-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். "இது என்னால் ஆகும்" என்ற எண்ணம் ஒருவருக்கு நாலு வழியில் வருகிறது என்றார்: தானே செய்து முடித்துப் பார்ப்பது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, தன் உடலின் படபடப்பை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. வெறும் வார்த்தையால் வரும் நம்பிக்கை, முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும். வீடியோக்காரர் உங்களுக்குத் தருவது மூன்றாம் ரகம்.

அதனால் வீடியோ பார்க்கும் அந்த நேரத்தில், நீங்கள் போக நினைக்கும் வேலையின் ஒரு சின்னத் துண்டைச் செய்து முடியுங்கள். கற்றுக்கொள்வது வேறு, முடிப்பது வேறு. முடித்ததை, அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் நாலு தப்பு சொல்வார். அந்த நாலு தப்பு உங்களுக்குக் கிடைத்த நல்ல செய்தி. இதற்கு முன்னால் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று இருந்தீர்கள், இப்போது தெரியாதது எது என்று பட்டியல் கையில் இருக்கிறது.

இரண்டாவது வழியையும் விடாதீர்கள். உங்களைப் போன்ற ஆள் என்பது முக்கியம். ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு மாறியவர் கதை, பாலிடெக்னிக் முடித்து வேலைக்குச் சேர்ந்தவருக்கு உதவாது. உங்கள் செட்டிலேயே, உங்கள் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலேயே லைன் மாறியவர் ஒருவராவது இருப்பார். அவரைப் பிடியுங்கள்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஜினியராக ஒன்பது வருடம். டேட்டா அனலிஸ்ட் ஆக வேண்டும். இத்தனை வருட அனுபவமும் வீண்தானே? ஃப்ரெஷர் மாதிரி முதலிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்கிறேன். அதிகம் பேர் கேட்பது இது. மனம் விட்டுப்போவதும் இங்கேதான்.

ஒரு குவாலிட்டி இன்ஜினியரின் காலை எப்படித் தொடங்குகிறது? நைட் ஷிஃப்ட்டில் குறையென்று ஒதுக்கப்பட்ட பாகங்களின் ரிஜெக்‌ஷன் எண்ணிக்கை. எக்செல் ஷீட்டைத் திறந்து மெஷின்வாரியாக, ஷிஃப்ட்வாரியாக, பார்ட் நம்பர்வாரியாகப் பிரிக்கிறார். பிவட் டேபிள் போடுகிறார். எந்தக் குறை அதிகம் என்று பரேட்டோ வரைகிறார். பத்து மணி மீட்டிங்கில் புரொடக்‌ஷன்காரர் "மெட்டீரியல் சரியில்லை" என்பார், பர்ச்சேஸ்காரர் "மெஷின் செட்டிங் சரியில்லை" என்பார். இவர் நடுவில் நின்று, "மூணாம் நம்பர் மெஷினில் மட்டும், டூல் மாத்தின பிறகுதான் ஏறுது" என்று எண்ணைக் காட்டி வாயடைக்கிறார். குறை ஏன் வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்று கஸ்டமருக்கு எய்ட்-டி ரிப்போர்ட் எழுதுகிறார். "ஏன், ஏன்" என்று கேட்டுக்கொண்டே போகும் ஒய்-ஒய் அனாலிசிஸ் போட்டுக் காரணத்தைத் தோண்டுகிறார்.

இதற்குப் பெயர் டேட்டா அனாலிசிஸ் இல்லையென்றால் வேறு எது? உற்பத்தி லைன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கன்ட்ரோல் சார்ட் (அளவுகள் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் வரைபடம்), 1924-ல் வால்டர் ஷூவார்ட் என்பவர் தொலைபேசிக் கருவிகள் செய்யும் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது வரைந்தது. புள்ளியியலைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. அதைத் தினமும் பார்க்கிற ஆள், "எனக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வராது" என்று என் முன்னால் உட்கார்ந்து சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

உங்களிடம் இல்லாதது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். தெரியாது. எண்களைப் படமாக்கி ஒரே திரையில் (டாஷ்போர்டு) காட்டும் பவர் பிஐ மாதிரி ஒன்று தெரியாது. பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் வேண்டியிருக்கும். இவை இல்லாமல் நேர்காணலுக்கு வந்தால் எந்த அனுபவமும் காப்பாற்றாது. ஆனால் கற்றுக்கொள்ளும்போது பழைய அனுபவம் கைகொடுக்கும். எஸ்.க்யூ.எல்.லில் "க்ரூப் பை" என்று ஒன்று வரும். கல்லூரியை விட்டு வந்த பிள்ளைக்கு அது ஒரு கட்டளை. உங்களுக்கு அது ஷிஃப்ட்வாரி ரிஜெக்‌ஷன். எதற்குப் பிரிக்கிறோம் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது: பயிற்சி இணையதளத்தில் எல்லோரும் செய்யும் டைட்டானிக் கப்பல் பயணிகள் பட்டியலை விடுங்கள். உங்கள் வேலையைப் போன்ற ஒரு ரிஜெக்‌ஷன் டேட்டாவை நீங்களே உருவாக்குங்கள். கம்பெனி டேட்டாவைத் தொடவே கூடாது, அது வேலைக்கே உலை வைக்கும். பார்ட் நம்பர், மெஷின், ஷிஃப்ட், ஆபரேட்டர், குறை வகை என்று ஐந்து நெடுவரிசை, ஆறு மாதத்துக்கான வரிசைகள். அதை வைத்து ஒரு டாஷ்போர்டு செய்யுங்கள். நேர்காணலில் திறந்து, "இங்கே ஏன் ஏறியிருக்கு தெரியுமா" என்று பேசத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் கேள்வித்தாளை மூடி வைத்துவிடுவார்.

அப்புறம், முதல் தாவலை ஒரேயடியாகத் தாவாதீர்கள். வங்கி டேட்டாவுக்கோ விளையாட்டு ஆப் நிறுவனத்துக்கோ விண்ணப்பிப்பதைவிட, வாகன உதிரிபாக நிறுவனங்களின் அனலிட்டிக்ஸ் பிரிவு, சப்ளை செயின் டேட்டா வேலை என்று தேடினால் உங்கள் ஒன்பது வருடத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு. வேலை மாறும், துறை மாறாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றுகிறவருக்குத்தான் ஃப்ரெஷர் சம்பளம்.

எனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் இருக்காது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1978-ல் இதை எழுதினார்கள். அவர்கள் பேசியது நன்றாகச் சாதித்துவிட்ட பெண்களைப் பற்றி. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும், "எப்படியோ ஏமாற்றி வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று நினைத்தவர்கள் அவர்கள். அதை அவர்கள் நோய் என்று சொல்லவும் இல்லை.

புது வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம் மீட்டிங்கில் பாதி புரியவில்லை என்றால், அது உண்மையாகவே புரியவில்லை என்றுதான் பொருள். அதற்கு மருந்து குறிப்பெடுப்பதும் கேட்பதும். புதியவராக இருப்பதை ஒரு குறைபாடாக்கிக்கொள்ள வேண்டாம். மூன்று வருடம் கழித்து, எல்லோரும் உங்களிடம் சந்தேகம் கேட்க வரும்போதும் இதே எண்ணம் இருந்தால், அப்போது அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம்.

வயது 35. தாமதமாகிவிட்டதா?

அரசுத் தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு. அதை அறிவிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஆறுதலுக்கு இடமில்லை. தனியார் வேலைக்கு எழுதிவைத்த வரம்பு கிடையாது, ஆனால் 23 வயதுக்காரருக்கு வைத்திருக்கும் இடத்துக்கு நீங்கள் போட்டியிட்டால் தோற்பீர்கள். அவர் பாதிச் சம்பளத்துக்கு வருவார், இரவு பதினொரு மணிவரை உட்காருவார். உங்கள் வயதுதான் தகுதியாகும் இடத்துக்குப் போங்கள்: வாடிக்கையாளரிடம் பேச வேண்டிய, பத்துப் பேரைச் சமாளிக்க வேண்டிய, கோபப்படாமல் இருக்க வேண்டிய வேலை.

வயது பற்றிப் பேசினால் எல்லோரும் வருண் சக்கரவர்த்தியைக் காட்டுவார்கள். கட்டடக்கலை படித்து அந்த வேலையும் பார்த்தவர், அதை விட்டுவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பி, 33 வயதில் 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் போட்டி ஆடினார். அடுத்த மாதமே சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக ஐந்து விக்கெட். உண்மைதான், ஆனால் இதைச் சொல்லி உங்களை உசுப்பேற்ற எனக்கு விருப்பமில்லை. அவரைப் போல முயன்று வெளியே தெரியாமல் போனவர்கள் பலர். நான் கவனிப்பது நடுவில் நடந்ததை. வேகப்பந்து வீசிக்கொண்டிருந்தவர் முழங்கால் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். மாறியவர் நேராகப் பெரிய மைதானத்தைத் தேடவில்லை, சென்னை லீக்கின் நாலாம் டிவிஷனில் போய் வீசினார். உங்கள் துறையின் நாலாம் டிவிஷன் எது என்று தேடுங்கள்.

வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாக இறங்குவதா, வேலையில் இருந்துகொண்டே தயாராவதா?

இருந்துகொண்டே. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை, உடம்புக்கு ஆகாத வேலை, மரியாதை கெட்ட இடம் என்ற இரண்டையும் தவிர.

சி.வி. ராமன் 1907-ல் இந்திய நிதித்துறையில் அதிகாரியாகக் கல்கத்தாவில் சேர்ந்தார். நல்ல சம்பளம், அரசாங்க உத்தியோகம். இயற்பியல் ஆசை விடவில்லை. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்துக்குக் காலையில் அலுவலகத்துக்கு முன்னும், மாலையில் அலுவலகம் முடிந்தும் போனார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் வேறு. பத்து வருடம் இப்படி ஓடியது. 1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி வந்தபோது, சம்பளம் குறையும் என்று தெரிந்தே உத்தியோகத்தை விட்டார். அப்போது அவரிடம் "என்னால் ஆய்வு செய்ய முடியுமா" என்ற கேள்வியே இருந்திருக்காது. பத்து வருடமாகச் செய்துகொண்டிருந்தாரே. 1930-ல் நோபல் வந்தது வேறு கதை.

வேலையை விட்ட மறுநாளிலிருந்து உங்கள் சந்தேகம் இரட்டிப்பாகும். ஒவ்வொரு நிராகரிப்பும் வங்கி இருப்போடு சேர்ந்து வலிக்கும். நாலாவது மாதம் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு போய்விடுவீர்கள், அது பழைய வேலையைவிட மோசமாகவும் இருக்கலாம்.

சம்பளம் குறையும் என்கிற பயம்தான் பெரிது.

பயத்துக்கு ஒரு தொகை போடுங்கள். இப்போது கைக்கு வருவது 62,000, புது வேலையில் 40,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 22,000 துண்டு விழும். பழைய அளவுக்கு ஏற ஒன்றரை வருடம் ஆகும் என்று எடுத்தால் 18 மாதத்துக்கு 3,96,000. ஆக உங்கள் பயத்தின் விலை ஏறக்குறைய 4 லட்சம். இது சேமிப்பில் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை மாதத்தில் சேரும் என்று கேட்டால் பதில் வரும். "வாழ்க்கை என்ன ஆகுமோ" என்று கேட்டால் தூக்கம்தான் போகும்.

செலவைக் கணக்கிடும்போது மாதச் செலவை மட்டும் பார்க்காதீர்கள். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், தீபாவளி, இரண்டு கல்யாண மொய் எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும். வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பன்னிரண்டு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள்.

பிறகு வரவேண்டிய பணம். தொடர்ந்து 5 வருடம் முடித்த நிரந்தர ஊழியருக்குக் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். 40,000 ரூபாய், 9 வருடம் என்றால் சுமார் 2,07,700. மேலே சொன்ன துண்டில் பாதி இதிலேயே அடைபடும். நாலரை வருடத்தில் விட நினைப்பவர்கள் ஒருமுறை காலண்டரைப் பார்ப்பது நல்லது. "தீபாவளி போனஸ் வாங்கிட்டு விடுறேன்" என்பதும் நியாயமான திட்டம்தான், கூச்சப்படாதீர்கள்.

பி.எஃப். பணத்தை மட்டும் எடுக்காமல் இருக்கப் பாருங்கள். எந்த நிறுவனத்துக்குப் போனாலும் மாறாத பி.எஃப். எண்ணான அதே யு.ஏ.என்.னில் புது நிறுவனத்துக்கு மாற்றிவிடலாம். தொடர்ந்து 5 வருடச் சேவை ஆகாமல் எடுத்தால் வரி உண்டு. ஓய்வூதியத்துக்கு 10 வருடச் சேவை வேண்டும் என்பதால், ஒன்பதாவது வருடத்தில் கணக்கை முடிப்பது புத்திசாலித்தனம் இல்லை.

பலரும் மறப்பது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி பொதுவாகக் கடைசி வேலைநாளோடு முடியும். அதில் உங்கள் அம்மாவின் சர்க்கரையும் அப்பாவின் இதயமும் சேர்ந்திருக்கும். புதிதாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு. அதை வேலையில் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும்.

வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். "நல்ல வேலையை விட்டுட்டு என்னடா இது" என்கிறார் அப்பா.

அப்பாவிடம் "மனசுக்குப் பிடிக்கலைப்பா" என்று சொல்லியிருப்பீர்கள். முப்பது வருடம் பிடித்தோ பிடிக்காமலோ ஒரே வேலைக்குப் போய் உங்களைப் படிக்கவைத்தவரிடம் அந்த வாக்கியம் எடுபடாது. மேலே போட்ட கணக்கை அவரிடம் காட்டுங்கள். "ஒன்றரை வருஷத்துக்குத் தேவையான பணம் தனியா இருக்குப்பா. அதுக்குள்ள இந்த அளவுக்கு வரலைன்னா பழைய லைனுக்கே திரும்பிடுவேன்." கெடு இருந்தால் பெரியவர்கள் ஓரளவு இறங்கி வருவார்கள்.

மனைவியிடமோ கணவரிடமோ பேசுவது வேறு விஷயம். அங்கே அனுமதி கேட்கக் கூடாது, முடிவை அறிவிக்கவும் கூடாது. இருவரும் சேர்ந்து ஸ்டேட்மென்ட்டைப் பார்க்க வேண்டும். எந்தச் செலவைக் குறைப்பது என்று பேசும்போதுதான் உண்மையான சம்மதம் தெரியும்.

பெண்கள் இதே கேள்வியைக் கேட்கும்போது கூடவே ஒன்று வரும்: "நீ மாறிப் படிச்சா பிள்ளையை யாரு பாக்குறது?" இது உங்கள் திறமை பற்றிய சந்தேகம் அல்ல, வீட்டின் நேர அட்டவணை பற்றிய பிரச்சினை. இரண்டையும் குழப்பி, "நான்தான் சமாளிக்கத் தெரியாதவள்" என்று முடிவுகட்டாதீர்கள். தினமும் மாலை 7 முதல் 8.30 வரை உங்களைக் கூப்பிடக் கூடாது என்று ஒரு நேரத்தை வாங்குங்கள். அதை வாங்குவது சில வீடுகளில் பரீட்சை எழுதுவதைவிடக் கடினம் என்று எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் கேட்பார்கள். "படிச்சிட்டிருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுங்கள்.

எந்த கோர்ஸில் சேரலாம்? வேலை உத்தரவாதம் என்கிறார்களே?

வேலைக்கு உத்தரவாதம் தருவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தன்மேல் சந்தேகம் இருப்பவர்தான் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர். எட்டு கோர்ஸ் சான்றிதழோடு வருபவரை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாவதில் சேர்வது வேலை தேடுவதைத் தள்ளிப்போடும் வழி.

ஐ.ஐ.டி.கள் சேர்ந்து இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால்தான் கட்டணம். பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பு இருக்கிறது. ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு தேவையில்லை, வயது வரம்பு இல்லை. நாலு வாரப் பாடம் படித்துத் தகுதித்தேர்வு எழுத வேண்டும். நடுவில் விட்டால் அதுவரை முடித்ததற்கு ஏற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ வாங்கிக்கொண்டு வெளியேறலாம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது கடினம்தான், முதல் கட்டத்திலேயே கணக்குப் பாடம் பலரை உட்கார்த்திவிடும்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்றோம்" என்று சில கன்சல்டன்சிகள் வரும். சந்தேகத்தின் உச்சத்தில் இருப்பவர் இதில் விழுகிறார். இன்றைக்குப் பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் யு.ஏ.என். சேவை வரலாற்றைப் பார்க்கிறார்கள். எந்த நிறுவனம் எந்த மாதம் பி.எஃப். கட்டியது என்று வரிசையாகத் தெரியும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூடக் கண்டுபிடித்து அனுப்புகிறார்கள். மாட்டாவிட்டாலும், எந்த நாள் தெரிந்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டு வேலை பார்க்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு எந்தப் புத்தகத்திலும் மருந்து இல்லை.

நேர்காணலில் "ஏன் மாறுகிறீர்கள்?" என்று கேட்டால் குரல் நடுங்குகிறது.

பழைய துறையைக் குறை சொல்லிப் பதிலைத் தொடங்காதீர்கள். மூன்று வாக்கியம் போதும்: எதைச் செய்துகொண்டிருந்தேன், அதில் எந்தப் பகுதி என்னை இழுத்தது, அதற்காக இதுவரை என்ன செய்தேன். "குவாலிட்டியில் இருந்தேன். குறை எங்கே வருதுன்னு எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கிற பகுதிதான் எனக்குப் பிடிச்சது. அதை முழுநேரமாகச் செய்யணும்னு கடந்த ஒரு வருஷமா இதையெல்லாம் கத்துக்கிட்டேன், இதோ செய்தது." இதற்குமேல் பேசினால் மன்னிப்புக் கேட்பது போல் ஆகிவிடும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்றே சொல்லுங்கள். லைன் மாறி வருபவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. தெரிந்தது போல் பேசுபவரைத்தான் மேலும் மேலும் குடைவோம்.

டீம் லீடுக்கு 26 வயது. என்னை "அண்ணா" என்கிறான். கூச்சமாக இருக்கிறது.

அவனுக்கும் கூச்சம்தான். உங்களிடம் "இது தப்பு" என்று சொல்ல முடியாமல், "அண்ணா, இந்த க்வெரியை மட்டும் இன்னொரு தடவை பாத்துடுங்களேன்" என்பான். முதல் வாரத்திலேயே நீங்களாகப் போய், "தப்பு இருந்தா நேரா சொல்லுப்பா, எனக்குச் சங்கடமில்லை" என்று சொல்லிவிடுங்கள். பாதி இறுக்கம் போய்விடும். பதிலுக்கு, கிளையன்ட் கோபமாகப் பேசும் போன் அழைப்பில் அவன் தடுமாறும்போது நீங்கள் கைகொடுப்பீர்கள். அதற்கு நாள் பிடிக்காது.

ஐ.டி.யில் பன்னிரண்டு வருடம். ஆசிரியராக ஆசை. இது வெறும் சலிப்பா, உண்மையான விருப்பமா?

விருப்பம் ஒருபக்கம், விதி ஒருபக்கம். பி.எட். இரண்டு வருடப் படிப்பு. கணிதம், அறிவியல் சார்ந்த பொறியியல் பட்டதாரிகளும் 55 சதவீத மதிப்பெண் இருந்தால் சேரலாம் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதி. எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் என்ற ஆசிரியர் தகுதித்தேர்வு வேண்டும். மொத்தம் 150 மதிப்பெண், பொதுப்பிரிவினர் தேற 90.

சலிப்பா விருப்பமா என்பதை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்துத் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேருக்கு மூன்று மாதம் சாயங்கால டியூஷன் எடுங்கள். படிக்கிற பிள்ளைகளாகப் பொறுக்காதீர்கள். பின்னத்தை ஆறாவது முறை சொல்லித் தரும்போது எரிச்சல் வருகிறதா, ஏழாவதாக வேறு வழி யோசிக்கிறீர்களா என்று பாருங்கள். அதிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பு எப்படியிருக்கும் என்று தெரிந்த ஆசிரியரிடம் கேளுங்கள். அதையும் கேட்டபிறகு ஆசை மிச்சமிருந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.

சந்தேகம் சரியாக இருக்கும் சமயம் உண்டா?

உண்டு. நிறையவே உண்டு. மேனேஜரைப் பிடிக்காமல் துறையையே விட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி மாறினால் தீர்ந்துவிடும் பிரச்சினை அது. போக நினைக்கும் வேலையில் இருக்கும் ஒருவரோடுகூட இதுவரை பேசியதில்லை என்றால், அந்தச் சந்தேகம் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அதேபோல, ஆறு மாதமாக நேரம் இருந்தும் அந்த வேலையின் ஒரு துண்டைக்கூடச் செய்து பார்க்கத் தோன்றவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்திருப்பது அந்த வேலையின் பெயராக இருக்கலாம்.

தூக்கம் வருவதில்லை. ஞாயிறு சாயங்காலம் வந்தாலே நெஞ்சு அடைக்கிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, யாரோடும் பேசும் விருப்பம் எல்லாம் கெட்டிருந்தால் இதை வேலை மாற்றக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரைப் பாருங்கள், நெஞ்சு அடைப்பு என்றால் முதலில் உடம்பையும் சோதித்துவிடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம். பெரிய முடிவு எதையும் அதன் பிறகு எடுக்கலாம்.

மாறி எட்டு மாதம் ஆகிறது. சரிவரவில்லை. பழைய லைனுக்குத் திரும்பினால் கேவலமா?

ஆள் எடுக்கும் எங்களுக்கு அது கேவலமாகத் தெரிவதில்லை. திரும்பி வருபவருக்குப் பெரும்பாலும் இன்னொருமுறை ஓடும் எண்ணம் இருக்காது என்பதால் சில மேனேஜர்கள் விரும்பிக்கூட எடுப்பார்கள். ஆனால் இரண்டு விஷயம் கையில் இருக்க வேண்டும். முதலாவது, பழைய இடத்தை விட்டபோது நோட்டீஸ் பீரியடை முழுதாக முடித்து, ரிலீவிங் லெட்டர் வாங்கியிருக்க வேண்டும். கோபத்தில் பாதியில் வந்தவர்களுக்குக் கதவு அங்கேதான் அடைபடுகிறது. இரண்டாவது, எட்டு மாதத்தை ரெஸ்யூமிலிருந்து மறைக்கக் கூடாது. இடைவெளியாகக் காட்டினால் கேள்வி வரும், யு.ஏ.என்.னில் வேறு தெரியும். "மாறிப் பார்த்தேன், இந்தக் காரணத்தால் ஒத்துவரவில்லை, கற்றது இது" என்று எழுதுங்கள். பிளான்ட்டுக்குத் திரும்பும் குவாலிட்டி இன்ஜினியர் எஸ்.க்யூ.எல்.லும் தெரிந்து திரும்பினால், சம்பளம் பேசும்போது அதையும் சேர்த்தே பேசலாம். திரும்புவதற்கு முன், பழைய சகாக்கள் இரண்டு பேருக்கு போன் போட்டு இப்போது அங்கே ஆள் எடுக்கிறார்களா, யார் மேனேஜர் என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.